முனீர் பாய் தைத்த கோழி

இரும்புலியூரில் முனீர் பாய் ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரர், ரத்தம் என்றால் பயந்தாங்கொள்ளி. இரண்டும் ஊரறிந்த சங்கதி. ஊசி விரலில் குத்திவிட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் விரலை வாயில் வைப்பார். மனைவி சாஜிதா கோழிக்கறி சுத்தம் செய்ய உட்கார்ந்தால், பாய்க்கு ஜிஎஸ்டி ரோட்டில் ஏதோ அவசர வேலை வந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் ஒரு கோழியைத் தைத்துப் பிழைக்க வைத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தக் கோழி தெருவையே தன் பேருக்கு எழுதி வாங்கியதுபோல உலாத்திக்கொண்டிருந்தது.

அது 1988 டிசம்பர். கிறிஸ்துமஸ் துணிகள் முன்னறையில் மலையாய்க் குவிந்திருந்தன. அடுத்த வீடு செல்வமேரியுடையது. நடுவில் ஓர் ஓலைத் தட்டி, அதில் கோழி போகவர ஓர் ஓட்டை. அவள் புருஷன் யேசுதாசன் நெஞ்சு நோய்க்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று கோழிகளில் இரண்டு அடையில் உட்கார்ந்துவிட்டன. முட்டை போட்டது செம்பழுப்புக் கோழி ஒன்றுதான்.

வியாழக்கிழமை அந்தக் கோழி பாயின் கொல்லையில் ஒரு நீளச் சிவப்பு நூலைப் புழு மாதிரி இழுத்து விழுங்குவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரித்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார்.

வெள்ளிக்கிழமை கோழி வாலைத் தொங்கப்போட்டு ஒடுங்கி நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து செல்வமேரி குரல் கொடுத்தாள்.

"பாய், முட்ட உள்ளாரயே சிக்கிக்கினு கீது போல. நேத்துலேர்ந்து போடல."

அவளும் சும்மா இருக்கவில்லை. வெந்நீர்ப் பேசினில் கோழியை உட்கார வைத்தாள். விளக்கெண்ணெய் தடவினாள். முட்டை வரவில்லை. சனிக்கிழமையும் அதே வெந்நீர், அதே எண்ணெய். பாய் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அன்று ஒரு கவுனுக்குக் கையின் உள்புறத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்துவிட்டார். கோழி செத்தால் யேசுதாசனின் முட்டையைப் பறித்தது தன் நூல்தான் என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. சொல்லிவிட்டால் பதினோரு வருஷப் பழக்கம் என்னாகுமோ என்று பயமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. கோவிலுக்குப் போய் வந்த செல்வமேரி கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பாயால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் கோழியைத் தடவிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே, தீனிப்பை இருக்கும் இடத்தில், ஒரு பந்து அளவுக்குக் கெட்டியாய்த் தட்டுப்பட்டது. ரெண்டு நாளாய் ஒரு மணி அரிசிகூடத் தின்னாத கோழிக்குப் பை எப்படி நிறையும்?

"முட்ட இல்லக்கா. தீனிப்பையில அடைச்சிக்கினு கீது," என்றார். எது அடைத்தது என்று சொல்லவில்லை.

கீறித்தான் எடுக்க வேண்டும் என்று ஆனதும், பிளேடையும் ஊசி நூலையும் கொதிக்க வைத்தாள் சாஜிதா. செல்வமேரி கோழியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இறகைப் பிடுங்கிவிட்டு, தோலையும் உள்ளே இருந்த பையையும் ஓர் அங்குலத்துக்குக் கீறியது சாஜிதாதான். பாய் அப்போது கூரையில் ஓடு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து புளித்த வாடையோடு சுருள் சுருளாய் வந்தது நூல்: சிவப்பு, பச்சை, நீலம், நடுவே சாட்டின் துணிப் பிசிறுகள். சாஜிதா புருஷனைப் பார்த்தாள். செல்வமேரி தலையைக் குனிந்துகொண்டாள். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பையைக் கழுவினார்கள்.

"ரெண்டையும் சேத்து ஒரே தையலா போட்டுடு பாய்," என்றாள் செல்வமேரி.

அதைக் கேட்டதும்தான் பாய்க்குள் இருந்த டெய்லர் முழித்துக்கொண்டார். "லைனிங்கயும் மேல் துணியயும் சேத்துத் தெச்சா இழுத்துக்கும்கா. தனித்தனியா போடணும்," என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். பைக்கு ஆறு தையல், தோலுக்கு ஐந்து. கை ஆடவில்லை. மஞ்சள் வைத்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் தண்ணீர் மட்டும். பிறகு நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ், அதுவும் ஸ்பூன் ஸ்பூனாய். கிறிஸ்துமஸ் அன்று கோழி தானாகவே கொத்தித் தின்றது. செல்வமேரி கொடுத்தனுப்பிய பிரியாணி அன்றைக்குப் பாய்க்குத் தனி ருசியாக இருந்தது.

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள், செல்வமேரி முந்தானையில் ஒரு முட்டையைப் பொத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"மொத முட்ட உனக்குத்தான் பாய்."

பாய் கையை நீட்டவில்லை. "வேணாங்கா. அது நூல முழுங்குனத நான் அன்னிக்கே பாத்தேன். எங்கொல்லையிலதான். பாத்துகினு சும்மா இருந்துட்டேன். நீ வெந்நி வெச்சிகினு இருந்தப்பகூட சொல்லல."

செல்வமேரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பாத்தது ஒரு நூலு. பை நெறய இருந்தது எங்கேர்ந்து வந்திச்சி? சாஜிதா கூட்டிப் போடற நூலு, வெட்டுத் துணி எல்லாத்தயும் நான்தான் அள்ளிகினு போயி அது முட்ட போடற கூடையில பரப்பி வெச்சேன், மெத்துனு இருக்கட்டும்னு. அறுத்து வெளிய எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. ஆசையா வளத்த கோழிய நானே கொல்லப் பாத்தேன்னு சொல்ல வாய் வரல பாய்."

பாய் அவளையே பார்த்தார். மூன்று வாரமாய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. முதலில் சிரித்தது யார் என்று தெரியாது; சாஜிதா உள்ளேயிருந்து வந்து பார்த்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றே நூல் பிசிறு போட ஒரு மூடி போட்ட டின்னைத் தேடி எடுத்தாள் சாஜிதா. கூடைக்கு வைக்கோல் போதும் என்று முடிவாயிற்று.

முட்டை யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை. அவள் கொடுக்க, அவர் தள்ள, அது கை மாறிக்கொண்டே இருந்தது.

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து யேசுதாசன் குரல் வந்தது. "பேசி முடிச்சிட்டீங்கன்னா அத்த இப்டி அனுப்புங்க. எனக்குப் பசிக்குது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பசிக்கிறது என்று கேட்டது அதுதான் முதல் தடவை.