சக்திகுமாரின் சளி

வல்லக்கோட்டை ஜெயத்துக்குக் காசநோய்ப் பிரிவில் பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. மாத்திரையைப் பாதியில் விட்டு ஓடுகிறவர்களை ஸ்கூட்டியில் துரத்திப் பிடித்து விழுங்க வைப்பதுதான் உத்தியோகம். அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே ஒரகடத்தில் இருமல் நின்றுவிடும் என்பார்கள். மருந்தின் மகிமை அல்ல, அவள் வாய்க்குப் பயம்.

போன தை மாதம் அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. குத்துவிளக்கு, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்தும் நேரம் மிச்சமிருந்ததால் சிலரிடம் சளியும் வாங்கினார்கள். ஒருவருக்கு வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசநோய் என்று முடிவு வந்தது. பெயர் சக்திகுமார், அப்பா நம்பிராஜன், ஊர் சங்கரன்கோவில்.

ஜெயம் போன் செய்தாள். சக்திகுமார் சங்கரன்கோவிலில் செல்போன் கடையில் இருந்தான்.

"எனக்கு டீபியா? அந்தக் கம்பெனிய விட்டு ரெண்டு வருசமாச்சு. ஒங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

ஆள் ஊரில் இருக்க, சளி மட்டும் தனியாக ஷிப்டுக்கு வந்திருக்க முடியாது. ஜெயம் நேராகக் கம்பெனி ஆட்களின் ஹாஸ்டலுக்குப் போனாள். பத்துப் பேர் படுக்கும் அறை. காற்று ஓசியில் தங்கிவிடக் கூடாதென்று ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள். மூலையில் போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தவன் கழுத்தில் சக்திகுமாரின் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"உன் பேரு இன்னாப்பா?"

"சக்திகுமார்."

"அப்பா பேரு?"

அவன் அவசரமாக அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"பெத்த அப்பன் பேர அட்டைய பாத்து சொல்றவன இப்பதான் பாக்குறேன்" என்றாள் ஜெயம்.

உண்மையில் அவன் கர்ண பகதூர், நேபாளம். ஆதார் இல்லாதவனுக்குக் கம்பெனி கேட் திறக்காது. அதனால் ஆள் அனுப்பும் காண்டிராக்டர் விமல், விலகிப் போனவனின் அட்டையை இவனுக்கு மாட்டிவிட்டிருந்தான். அவ்வளவு தாராள மனசு. விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தான்.

"மேடம், இதுல இன்னா பிரச்சினை கீது? சாயங்காலமே ரயில் ஏத்தி வுட்டுர்றேன். அவன் ஊர்ல போய் பாத்துக்கட்டும்."

"ஏத்துவே. வழி பூரா இருமிகினே போவான். போறதுக்குள்ள செத்துட்டா உனக்கு இன்னா, சக்திகுமார்தான் உயிரோட கீறானே!"

ரயில் ஏறினால் சிகிச்சை அங்கேயே முடிந்தது, ஆளும் முடிந்தான் என்று ஜெயத்துக்குத் தெரியும். சொந்தப் பெயரிலேயே அவனுக்குப் புதுப் படிவம் எழுதினாள். முகவரிக்குத் தன் வீடு, தொலைபேசிக்குத் தன் எண். வீட்டுக்கு அடுத்து நாலு பக்கமும் காற்று வரும் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. அதில் அவனைக் குடிவைத்தாள். அக்கம்பக்கம் பேச்சை நிறுத்தியது. தலைவலி விட்டது என்று ஜெயம் நிம்மதியாக இருந்தாள்.

ஆறு மாதம், தினமும் அவள் கண்ணெதிரே மாத்திரை. மூன்றாம் மாதம் மருந்தின் வேகத்தில் பாதம் மரத்துப்போய், வாந்தி தாங்காமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டான். ஜெயம் ஸ்கூட்டியில் துரத்திப் பிடித்தாள்.

"அக்கா, நான் சம்பளம் அனுப்பல. வீட்ல அடுப்பு எரியல" என்றான், தெரிந்த தமிழில்.

அழுதால் மாத்திரை உள்ளே போகாது என்பதால் ஜெயம் வழக்கம்போலத் திட்டினாள். டாக்டரிடம் இழுத்துப் போய் மருந்தின் அளவைச் சரி செய்தாள். அவன் ஓடவில்லை.

ஆடியில் நோய் போனது. சான்றிதழோடு பழைய வேலையைக் கேட்க இருவரும் கம்பெனிக்குப் போனார்கள்.

"கர்ண பகதூர்னு இங்க யாரும் வேலை செய்யலையே மேடம்" என்றார் அதிகாரி, கம்ப்யூட்டரைப் பார்த்து.

பொய் சொல்லவில்லை, பாவம். வருடம் முழுக்க அந்த லைனில் நின்று ஓவர்டைம் பார்த்தது சக்திகுமார்தானே. இந்த நாட்டில் கர்ண பகதூர் பெயரில் இருந்த ஒரே காகிதம், அவனுக்குக் காசநோய் இருந்தது என்ற சான்றிதழ். அதை அவன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

ஹாஸ்டலில் விட்டுப்போன அவன் பெட்டியை எடுக்க ஜெயம் போனாள். ஜன்னலில் ஆணி அப்படியே இருந்தது. அதே மூலையில் புதிதாக ஒருவன் படுத்திருந்தான். கழுத்தில் அதே அட்டை. அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து இருமினான்.

"பேரு இன்னாப்பா?"

"சக்திகுமார்."

ஜெயம் பையிலிருந்து சளி டப்பாவையும் பேனாவையும் எடுத்தாள்.

"அது கிடக்கட்டும். உங்கம்மா வச்ச பேர சொல்லு, எழுதிக்கிறேன்."