தலைவரின் தொண்டை

பட்டறைத் தெருச் சங்கத்தில் ஒரு வழக்கம். எந்தச் சண்டையானாலும் தலைவர் எழுந்து நின்று, சபை கேட்க வாய்விட்டுச் சொன்னால்தான் அது தீர்ப்பு. தலைவர் ஆணாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எழுதி வைக்கிற அளவுக்கு அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

லேத் பட்டறைக்காரர் தலைவராக இருந்தபோது அவர் தொண்டையில் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, குரல் போயிற்று. நோயாளியை இறக்குவது அழகல்ல. அடுத்து யார் என்பதில் வெல்டரும் பெயின்டரும் ஒத்துப்போகவும் மாட்டார்கள். ஆகவே அவர் காற்றாகச் சொல்வதைக் குனிந்து கேட்டு உரக்கச் சொல்ல, மூத்த மகளை நாற்காலிப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 'மைக்' என்று பெயரும் வைத்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொண்டால் அது இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில கூட்டங்களில் அப்பா நிஜமாகவே ஏதோ சொன்னார். பிறகு அலுத்துவிட்டது. அவள் காதைக் கொண்டுபோனால், "எதையாவது சொல்லி முடிம்மா, வீட்டுக்குப் போகணும்" என்பார். அவள் எதையாவது சொன்னாள். அப்படிச் சொன்னதுதான், பெயின்டர் வேலையைக் காலையோடு முடிக்க வேண்டும், வெல்டர் மத்தியானத்துக்குமேல்தான் கிரைண்டரைப் போட வேண்டும் என்பது. ஈரப் பெயின்ட்டில் தூசி உட்காரவில்லை. சட்டையைப் பிடிப்பதும் நின்றது. "மனுஷனுக்குத் தொண்டை போனப்புறம்தான்யா மூளை வேலை செய்யுது" என்று தெருவே மெச்சியது. அப்பாவும் அடக்கமாகத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் விலகினார். அன்றைய கூட்டத்தில் அவள், "நான் நிக்கறேன்" என்றாள்.

"நின்னுட்டுத்தானேம்மா இருக்கே" என்றார் பெயின்டர். தகரக் கூரை அதிரச் சிரிப்பு.

"தலைவர் பதவிக்கு, மாமா."

வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா மைக்கு, பேசறதுக்கு ஆள் இல்லாம மைக் மட்டும் என்னத்தப் பேசும்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது: கிரைண்டர் தீர்ப்பு என்னுடையது. ஆனால் அதைச் சொன்ன மறுநாளே, தலைவர் சொல்லாதது தீர்ப்பே இல்லை என்று வெல்டர் விடியும்போதே கிரைண்டரைப் போடுவார். அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது. அவள் தகுதிக்கு இருந்த ஒரே சாட்சி, வாயைத் திறந்ததும் செல்லாததாகிவிடும்.

அப்பாவின் உதடு அசைந்தது. அவள் குனிந்து கேட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

"அப்பா என்ன சொல்றார்?" என்று சபை பழக்கதோஷத்தில் அவளையே கேட்டது.

'மகள் நிற்கட்டும் என்கிறார்' என்று ஒரு பொய் போதும், மறுபேச்சு இருக்காது. ஆனால் அதுவும் அவர் வாக்காகத்தான் போய்ச் சேரும்.

"என்னை உட்காரச் சொல்றார்" என்றாள்.

அவள் தம்பி தேர்வானான். அவன் குரல் தெருமுனைவரை கேட்கும்; வேறு தகுதியை யாரும் விசாரிக்கவில்லை. உட்கார்ந்த சூட்டோடு முதல் புகார் வந்தது: இரும்பு இறக்கும் லாரி வழியை அடைக்கிறது. தம்பி பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவிடம் சாய்ந்தான்.

"என்னக்கா சொல்லட்டும்?"

"உனக்குத்தான் தொண்டை நல்லா இருக்கே."

"தொண்டை இருக்குக்கா. உள்ள ஒண்ணும் இல்லியே."

சபை காத்திருந்தது. பெயின்டர் அதற்குள் வெல்டரை முறைக்கத் தொடங்கியிருந்தார். அவள் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் எட்டும்படி நாலு வார்த்தை சொன்னாள். தம்பி எழுந்து கணீரென்று அறிவித்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இதுல்ல குரல்!" என்றார் வெல்டர். "இனிமே மைக்கெல்லாம் எதுக்கு? நீ வீட்டுக்குப் போம்மா."

திரும்ப உட்கார்ந்த தம்பி, மேசைக்கு அடியில் பற்றிய அவள் மணிக்கட்டை விடவில்லை.