இடப்பக்கப் புகைபோக்கி

மெமோவில் 'உரிய விளக்கம்' என்ற சொற்கள் இருந்தால், முடிவு ஏற்கெனவே தட்டச்சாகிவிட்டது என்று பொருள். இதை நான் எந்த அலுவலகத்திலும் கற்கவில்லை. அப்பாவுக்கு அப்படியொன்று வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

குற்றம் அவருடையது அல்ல, அத்தையுடையது. ஓவியக் கல்லூரியில் படித்த அத்தை, அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் தெரிந்த ஏரியை மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்தாள். ஏரி என்றால் நாரை, பனைமரத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. அவள் எதிர்க்கரைத் தொழிற்சாலையையும் சேர்த்தாள்: ரம்பப் பல் கூரை, புகைபோக்கி, நடுவில் ஏரியை நோக்கி வாய்திறந்த கழிவுக் குழாய். அங்கேதான் அப்பா ஸ்டோர் கிளார்க். கல்லூரிக் கண்காட்சியில் படத்தைப் பார்த்த ஒரு நலம்விரும்பி மேலிடத்தில் சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று அம்மா அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அச்சில் ஒரு நடைமுறை உண்டு. பலகையில் இருப்பது தாளில் இடம் வலம் மாறி விழும். ஆகவே வரைந்த மெல்லிய தாளைக் குப்புறப் போட்டுத்தான் பலகையில் படியெடுக்க வேண்டும். தாளின் மூலையைப் பிடிப்பவள் நான். கண்காட்சிக்கு முன் இந்தப் படத்தைச் செதுக்கியபோது மட்டும் அத்தை திருப்பவில்லை.

"அத்தே, திருப்ப மறந்துட்டே."

"வாய மூடிக்கினு மூலையப் புடிடி."

ஆக, வலப்பக்கப் புகைபோக்கி அச்சில் இடப்பக்கம் போய் நின்றது. அத்தை சொல்லச் சொல்ல அப்பா விளக்கம் எழுதினார்: படத்திலுள்ளது நமது நிறுவனமன்று, நமது புகைபோக்கி, ஏரியிலிருந்து பார்க்க, வலப்புறம் உள்ளது.

அதைச் சரிபார்க்க ஒரு ஞாயிறு காலை பர்சனல் ஆபீசரே படத்தோடு வந்துவிட்டார். அத்தை அப்போதுதான் இன்னொரு படி எடுக்கப் பலகையில் மை உருட்டியிருந்தாள். தாள்களை ஒளிக்க நேரமிருந்தது. பலகையை ஒளிக்க இல்லை. ஜன்னலில் தெரிவது அப்படியே, புகைபோக்கி வலப்பக்கமாக, கூடத்துத் தரையில் கிடந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்தேன்.

அவர் ஜன்னலில் படத்தைத் தூக்கிப் பிடித்தார். வெளியே பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது? கூரை நம்மளுது, பைப் நம்மளுது. சிம்னி மட்டும் யார் வீட்டுது?"

"இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல எல்லாக் கூரையும் இப்டித்தான் சார் இருக்குது" என்றார் அப்பா.

அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இங்க வா. இது எந்தக் கம்பெனின்னு சொல்லு."

எழுந்தால் தீர்ந்தது. பாவாடையைத் தாண்டி மை சில்லென்று தொடையில் ஏறியது.

"அதுக்குக் காலு மரத்துப்பூடுச்சு சார்" என்றாள் அம்மா.

"வாய் மரத்துப் போகலையே?"

"எங்க ஜன்னல்ல தெரியற சிம்னி அந்தாண்டப் பக்கம் கீது சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் படத்தைச் சுருட்டினார். பிறகு கோப்பில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, காப்பியைத் தொடாமல் போனார்.

நான் எழுந்தபோது பாவாடையின் பின்புறம் தொழிற்சாலை முழுசாக அச்சாகியிருந்தது, குழாய் உட்பட. அம்மா என்னைத் திட்டிக்கொண்டே துவைத்தாள். அத்தையின் மறதியை நான்தான் மூடிக் காப்பாற்றினேன் என்று பல வருடம் பெருமையடித்துத் திரிந்தேன். அத்தை ஒருமுறைகூட மறுக்கவில்லை.

பின்னாளில் நானும் எத்தனையோ விளக்கங்கள் எழுதினேன், எல்லாம் மெமோ வந்த பிறகு. மெமோ வருவதற்கு முன்பே விளக்கத்தைப் பலகையில் செதுக்கி வைத்தவளிடம்தான், மறந்துவிட்டாய் என்று அன்று குற்றம் சொல்லியிருக்கிறேன்.