மாமி தந்த சேர்ட்

என் அலுமாரியின் மேல்தட்டில் நீலக்கோடு போட்ட சேர்ட் ஒன்று இருக்கிறது. எனக்கு அளவாக இல்லாத சேர்ட். போன கிழமை அதைப் பல வருடங்களுக்குப் பிறகு வெளியே எடுத்தேன். உயர்தர வகுப்பில் நாடகம் படிக்கும் மாணவி ஒருத்தி கொப்பியும் கையுமாக என்னைத் தேடி வந்திருந்தாள். நான் இளவயதில் எழுதிய நாடகமொன்றை அவளுடைய ஆசிரியை ஒப்படை எழுதக் கொடுத்திருக்கிறார். அதில் வரும் சிறுமியின் பாத்திரத்தை நாடகாசிரியர் எவ்வாறு படிப்படியாக வளர்க்கிறார் என்பது கேள்வி. நாடகாசிரியர் பருத்தித்துறையில் உயிரோடுதான் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, விடையை அவரிடமே வாங்கிவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டாள். கெட்டிக்காரி.

அந்தப் பாத்திரத்தை நான் வளர்க்கவில்லை. அது என் மச்சாள். அப்பாவின் தங்கையான மாமியின் ஒரே மகள். மாமாவின் படகு ஒருநாள் கரைக்குத் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. மாமி சாப்பாட்டை விட்டுப் படுத்துவிட்டார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பன்னிரண்டு வயது மச்சாள் தாயின் பக்கத்தில் போயிருந்து, கொடிகாமம் சந்தையில் அப்பாவைக் கண்டதாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சொன்னாள் என்று பொய் சொன்னாள். மாமி எழும்பியிருந்து கஞ்சி குடித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டிய பொய். ஆனால் அடுத்த சனிக்கிழமை மாமி, மாமாவின் நீலக்கோட்டுச் சேர்ட்டைத் தோய்த்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி, ஒரு பையில் வைத்துக்கொண்டு கொடிகாமத்துக்குப் போனார். மனுசன் கண்ட கோலத்தில் வீட்டுக்கு வரக்கூடாதாம். பையோடு தனியே திரும்பி வந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார். வருடக்கணக்கில் போனார்.

இதை மச்சாள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபது வயதிருக்கும். எங்கள் குசினிப் படியில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மா பையோடை வெளிக்கிடுறதைப் பாக்கேலாமல் கிடக்கு அத்தான். சொன்னால் உடைஞ்சு போவா. சொல்லாட்டி போய்க்கொண்டேதான் இருப்பா. நீங்கள் ஒருத்தரிட்டையும் கதைச்சுப் போடாதையுங்கோ."

நான் தலையாட்டினேன். தலையாட்டும்போதே மனதுக்குள் முதலாம் காட்சியை எழுதத் தொடங்கிவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

மறைக்க வேண்டியதையெல்லாம் மறைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மீன்பிடிக் குடும்பத்தைத் தோட்டக்காரக் குடும்பமாக்கினேன். படகு போய் வெங்காய லொறி வந்தது. கொடிகாமம் சுன்னாகமாயிற்று. சேர்ட்டை மட்டும் மாற்றவில்லை. ஒத்திகையில் அந்தத் தாய் சேர்ட்டை மடித்துப் பையில் வைக்கும்போது பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்; அப்படியொன்றை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் காட்சியில் மகள் உண்மையைச் சொல்வாள், தாய் கட்டியணைப்பாள், திரை விழும். மச்சாளுக்கு நல்லது செய்கிறேன் என்று வேறு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையேற்றத்தன்று இருவரையும் முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தியவனும் நான்தான். மருமகன் எழுதிய நாடகம் என்று மாமி நல்ல சேலை உடுத்து வந்திருந்தார்.

சனம் கைதட்டியது. நான் மேடையோரத்தில் நின்று பார்த்தேன். மாமி கைதட்டவில்லை. மெல்லத் திரும்பி மச்சாளைப் பார்த்தார். கட்டியணைப்பு ஒன்றும் நடக்கவில்லை. மச்சாள் எழுந்து வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை, கொடிகாமத்துக்கு வெளிக்கிடுகிற நேரத்தில், மாமி எங்கள் வீட்டுக்கு வந்து பையை என் கையில் தந்தார்.

"இந்தா தம்பி, வைச்சிரு. உன்ரை நாடகத்துக்கு உதவும். எனக்கினித் தேவையில்லை."

அவர் கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். கோபிக்கவேயில்லை. மச்சாள் அதற்குப் பிறகு என்னோடு கதைத்ததில்லை. மாமியின் செத்தவீட்டிலும் என்னைக் காணாதவள் போலக் கடந்து போனாள்.

வந்த மாணவிக்கு இவையொன்றும் தெரியாது. மேடையில் பாவித்தது என்று பொய் சொல்லிச் சேர்ட்டைக் காட்டினேன். முதற் காட்சியில் பொய், இரண்டாவதில் பயம், மூன்றாவதில் துணிவு என்று அவள் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தாள். கடைசிக் குறிப்பின் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"சேர், தாய் உடனை கட்டிப்பிடிக்கிறா. இவ்வளவு காலமும் அலைஞ்ச மனிசி, ஏன் பொய் சொன்னனி எண்டு ஒரு கேள்வியும் கேக்க மாட்டாவே?"

"கேட்டிருப்பா, பிள்ளை."

"அப்ப அந்த மகள் என்ன மறுமொழி சொல்லியிருப்பா?"

"தெரியாது" என்றேன். "நான் கேக்கேல்லை."

அதை எழுதிக்கொள்வதா விடுவதா என்று யோசித்தவள், எழுதாமலே கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் சேர்ட்டை மாமி மடித்த விதமாகவே மடித்துப் பையில் வைத்தேன். மச்சாள் இப்போதும் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில்தான் இருக்கிறாள். மாமி இந்தப் பையைச் சனிக்கிழமை தோறும் கொடிகாமம் வரை கொண்டு போனார். எனக்குப் பத்து நிமிட நடை. பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுப் படலை வரை போனேன். பிறகு திரும்பி வந்து, அதை அலுமாரியின் மேல்தட்டிலேயே வைத்துவிட்டேன்.