கலியம்மாள் வீட்டுத் தயிரின் மூதாதை

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டினால் கிளிஞ்சல் வரும். சிமெண்ட் ஆலைக்குக் கல் வெட்டப்போன வீரமுத்து, கல்லாகிப்போன கிளிஞ்சல்களைச் சட்டைப்பையில் போட்டு மகளுக்குக் கொண்டுவருவார். அவற்றைக் காதில் வைத்துக் கடல் கேட்டு வளர்ந்தவள் ஜெயசித்ரா. கல்லுக்குள் ஏது ஓசை என்று அவளிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவள், 1996 ஆவணியில் ஆராய்ச்சி தொடங்கினாள். பாக்டீரியா தலைமுறை தலைமுறையாக உப்புக்குப் பழகுமா? பழகினால் அதன் மரபணுவில் முதலில் மாறுவது எது? பாக்டீரியா தேடி அவள் எங்கும் அலையவில்லை. ஊரில் அடுத்த வீட்டுக் கலியம்மாளிடம் ஒரு கரண்டி உறைமோர் வாங்கினாள். அந்தத் தயிர்மேல் காக்கை நடந்தால் கால் பதியாது. பார்த்த கண் இது.

அதிலிருந்து ஒரே வகையைப் பிரித்து உப்புப் பாலில் விட்டாள். தினம் ஒரு சொட்டு, புதுப் பாலுக்கு. ஒரு நாளில் ஆறேழு தலைமுறை. மனுஷத் தலைமுறைக் கணக்கில் பார்த்தால், ஏழு வருஷத்தில் சோழராஜாக்களே நேற்றுப் பிறந்தவர்களாகிவிட்டார்கள். லீவு விட்டால் குப்பிகளைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்து பஸ் ஏறுவாள்.

"கைப்புள்ளையாம்மா?" என்றாராம் கண்டக்டர்.

"பேரப்புள்ளைங்க சார்."

முதல்நாள் பாக்டீரியா மட்டும் கல்லூரி உறைபெட்டியில் தூங்கியது. அந்த மூதாதையோடு ஒப்பிட்டால்தான் பேரப்பிள்ளைகள் எதில் மாறினார்கள் என்று சொல்லமுடியும். அது போனால் ஏழு வருஷமும் போச்சு.

2003 ஆயுத பூஜை லீவு முடிந்து வந்தவள், ஆய்வகக் கதவருகே நின்றுவிட்டாள். உறைபெட்டிக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. அடியில் குளமாகத் தண்ணீர்.

உதவியாளர் கொளஞ்சியப்பன் பெருமையாகச் சொன்னார்: "வருஷம் பூரா உழைக்குதுங்க மேடம். மிஷினுக்கும் ஓய்வு வேணுமில்லீங்களா? மூணு நாளும் அணைச்சு வச்சிட்டேன்."

காய்ந்த பொட்டைத் தடவிப் பார்த்தாள். பெட்டியிலிருந்ததைப் பாலில் விட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை.

நேரே ஊருக்குப் போனாள்.

"அத்த, ஒங்க தயிரு வேணும்."

"உறியிலதானடி இருக்கு, எடுத்துக்க."

"இது வேணாம். இதுவும் தினம் மாறியிருக்கும். நான் வாங்கிட்டுப் போனேனே, அன்னைக்குத் தயிரு."

"ஏழு வருசத்துத் தயிரா! நல்லா படிச்சடி நீ!" சிரித்த கலியம்மாள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. அந்த ஆவணியிலதானே பானுப்பிரியா கல்யாணம்?"

மகளைத் திருமானூருக்கு அனுப்பியபோது, வெள்ளைத் துணியைத் தயிரில் நனைத்து நிழலில் உலர்த்திக் கொடுத்திருக்கிறாள். போன இடத்தில் பாலில் போட்டால் அம்மா வீட்டுத் தயிர். "அவ வூட்டுல உறை செத்துப்போனா குடுக்கலாம்னு பாதியைக் கிழிச்சு வச்சேன். அவ கேக்கவே இல்ல." டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவை மடிப்பில், அந்தப் பாதித் துணி இருந்தது.

பத்து நூல், பத்துக் குப்பிப் பால். ஒன்பது கெட்டுப்போயின. மூன்றாம் நாள் மதியம் மேசையில் தலைசாய்த்தவளுக்குக் கனவு: அப்பா கல் வெட்டிய குழியில் கடல் மெல்ல ஏறுகிறது, கிளிஞ்சல்கள் ஒவ்வொன்றாக வாய் திறக்கின்றன. விழித்துப் பத்தாவது குப்பியைச் சாய்த்தாள். பால் அசையவில்லை.

அதிலிருந்து அதே வகையைப் பிரித்து, அதன் மரபணுக் கோடுகளை, முதல்நாள் பாக்டீரியாவுக்கு 1996இல் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு அதே.

கட்டுரை 2007இல் அச்சேறியது. மூதாதைக்குப் பெயர் 'கலியம்மாள் ஒன்று'. கொளஞ்சியப்பன் இப்போதும் எல்லா மிஷினுக்கும் ஓய்வு கொடுக்கிறார்; உறைபெட்டியிடம் மட்டும், "கோவிச்சுக்காத, நீ ஓடு" என்று சொல்லிப் பொட்டு வைக்கிறார்.

ஜெயசித்ரா கட்டுரையை எடுத்துப்போய்க் காட்டினாள். கலியம்மாள் தன் பெயரை விரலால் தடவிவிட்டுச் சொன்னாள்: "பேரு கெடக்கட்டும். இப்ப எந்தயிரு முன்ன மாதிரி இல்லடி. அதுல ஒரு கரண்டி உறை குடேன்."

கொடுத்தாள். மறுநாள் காலை ஒரு காக்கை வந்து நடந்து பார்த்தது. கால் பதியவில்லை.