நான் கேட்ட ஒரே கேள்வி

வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். மனைவிக்கு நிறைமாதம். என்ன வேலையானாலும் சரி என்றுதான் நாகல் நகர் பூட்டுக் கம்பெனியொன்றுக்கு நேர்காணலுக்குப் போனேன். அங்கிருந்த கணக்கர் தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார்.

உள்ளே எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்க ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார் முதலாளி.

"முன்னாடி இந்தக் கணக்கு வேலைய பாத்தவரு ஏன் சார் நின்னுட்டாரு?"

"இன்னும் நிக்கல. வெளியதான் இருக்காரு, சாயந்தரம் சொல்லிருவேன். நீங்க நாளைக்கு வந்துருங்க."

மாட்டேன் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கணக்கர் ஆவலாக எழுந்தார்.

"கெடச்சிருச்சா தம்பி? அம்புட்டு வேலையையும் ஒத்த ஆளா பாக்க முடியல, ஒத்தாசைக்கு ஆள் போடுங்கன்னு நாந்தான் முதலாளிய நச்சரிச்சேன்."

பிறகும் சில நேர்காணல்களுக்குப் போயிருக்கிறேன். ஏதாவது கேட்கணுமா என்பார்கள். இல்லை என்று எழுந்துவிடுவேன்.