ஆம்பூருக்குப் போன ஆப்பிள் கூடை

காலை ஏழு மணிக்குப் பெங்களூர் கண்டோன்மென்டில் ரயிலேறினேன். மடியில் ஒரு கூடை ஆப்பிள். ஆம்பூரில் தோல் மண்டிக் கணக்கருக்கு வாழ்க்கைப்பட்ட ரோஸி அக்காவுக்கு அது. அம்மா பட்டை கிராம்பு போட்டுக் கிண்டும் ஆப்பிள் மசியலின் வாசனையை இன்னொரு தடவை பிடித்துவிட்டால் போதும் என்று அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா போனபின் எங்கள் வீட்டில் அதை யாரும் செய்ததில்லை. எதிரே இருந்தவர் ஒரு பழம் கேட்டுவிடுவாரோ என்று வழி நெடுகக் கூடையை மூடி மூடி வைத்தேன்.

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி தாண்டி மதியம் ஆம்பூர். இறங்கியதும் பச்சைத் தோல் வாடை குப்பென்று அடித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினேன். ஜட்கா வண்டிக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், பேஜாரா கீதா? ரெண்டு நாள் இருங்க, ஒண்ணுமே தெரியாது."

முக்கால் மைலுக்கு இரண்டணா வாங்கிக்கொண்டார்.

அக்கா கூடையைப் பிரித்து ஒரு பழத்தை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். கூடையை உள்ளே எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டினாள். பழங்களை அரிந்து விதை நீக்கி, பட்டை, கிராம்பு, தட்டிய சுக்கு, சர்க்கரை, துளி உப்போடு தேக்சாவில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பிறகுதான் அந்த அக்கிரமம். இந்த ஊரில் பிரியாணிக்குச் செய்வதுபோல் மூடியைச் சுற்றி மாவைப் பிசைந்து ஒட்டி, மேலே தணலை அள்ளிக் கொட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னக்கா இது? அம்மா திறந்து வச்சுத்தானே கிண்டுவாங்க? வீடே மணக்குமே!"

"வீடு மணந்து எனுக்கு இன்னாடா ஆவப்போவுது? இத்தினி வருசமா இந்த வாடையிலயே இருந்து மூக்கு மரத்துப்போச்சு. கொஞ்சங் கொஞ்சமா வந்தா எனுக்கு எட்டாது. மொத்தமா வரட்டும்."

அந்த மூடியையே பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

மாவை உடைத்து மூடியைத் தூக்கியதும் அக்கா ஆவிக்குள் முகத்தை விட்டாள். முகம் சிவந்து வியர்த்தது.

"கிராம்பு வருதுடா," என்றாள். மறுபடி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. "அம்மா பொடவை வாசனைடா."

அழுதுகொண்டே மத்தால் மசித்தாள். எனக்கு ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டு, மளமளவென்று மூடியைப் போட்டுப் புது மாவு ஒட்டினாள்.

"நாளைக்கும் வேணும்ல?"

அம்மா செய்ததைவிட இனிப்பு ஜாஸ்தி. கிண்ணத்தை வழித்துத் தின்றேன்.

மூன்றாம் நாள் மாலை ரயிலேறினேன். வண்டிக்காரர் சொன்னது சரிதான். அதற்குள் எனக்கும் அந்த ஊர் வாடை தெரியாமல் போயிருந்தது. ஜோலார்பேட்டை தாண்டிக் குளிர்ந்த காற்று உள்ளே வந்ததும் மூக்கு தெளிந்தது. என் சட்டையிலிருந்தே பச்சைத் தோல் நாறியது. எதிரே இருந்தவர் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார். கைக்குட்டை என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.